காகிதப் பை போட்டால் பாட்டில் மறைந்துவிடுமா? கண்கட்டு ஒயின் மாலைக்கான குறிப்புகள்

கேள்வி, ஜூன் 2

நண்பர்கள் எட்டுப் பேர், பாட்டில் ஆறு. லேபிள் தெரியாமல் காகிதப் பையில் போட்டு ஊற்றி, சுவைத்து மார்க் போடுவதாகத் திட்டம். விலை கூடினது எது, மலிவு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். நல்ல ஒயின் எப்படி மறைத்தாலும் தனியாகத் தெரிந்துவிடும் என்பது என் கட்சி. பையைத் தவிர வேறு ஏற்பாடு ஏதாவது தேவையா?

ஜூன் 2, இரவு

தேவை. பை மறைப்பது லேபிளை மட்டும்தான். தோள் உயர்ந்து நிற்கிற பாட்டில் போர்தோ வகை, தோள் சரிந்து இறங்கினால் பர்கண்டி வகை (இரண்டும் பிரான்சின் ஒயின் வட்டாரங்கள்), ஒல்லியாக நெடுநெடுவென்று இருந்தால் பெரும்பாலும் ரீஸ்லிங் என்ற திராட்சையின் ஒயிட் ஒயின். பையின் மேல் கை வைத்தாலே இதெல்லாம் தெரியும். அடிக்குழி ஆழமா, கண்ணாடி கனமா என்பதும் தெரியும். கனமான பாட்டிலைத் தூக்கிய கை உடனே "இது பெரிய இடம்" என்று தீர்ப்பு எழுதிவிடும். திருகு மூடி கிரிச்சென்று உடையும், கார்க் பொப்பென்று வரும். பக்கத்து அறை வரை கேட்கும்.

குறைந்தபட்சம் செய்ய வேண்டியது இது. எல்லா பாட்டிலையும் ஆட்கள் வருவதற்கு முன்பே திறந்துவிட வேண்டும். கழுத்தில் சுற்றியுள்ள தகட்டை மேலே மட்டும் வெட்டாமல் முழுதாக உரித்தெடுக்க வேண்டும், ஏனென்றால் அதன் நிறமே காட்டிக்கொடுக்கும். கார்க், மூடி எல்லாம் வேறு அறைக்குப் போக வேண்டும். ஊற்றுவது ஒரே ஆள், மற்றவர்கள் பாட்டிலைத் தொடக் கூடாது. ஆளுக்கு 50 மி.லி. ஊற்றினால் எட்டுப் பேருக்கு 400, பாட்டிலில் 350 மிஞ்சும்.

உங்கள் கட்சியைப் பற்றி: 2008-ல் வெளியான ஓர் ஆய்வு, லேபிள் மறைத்துச் சுவைத்த 6,000-க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை அலசியது. பயிற்சி இல்லாதவர்கள் விலை கூடிய ஒயினைச் சராசரியாகக் கொஞ்சம் குறைவாகவே ரசித்திருக்கிறார்கள். பந்தயம் கட்டுவதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 3, காலை

நேற்று எழுதியதில் ஓட்டை இருக்கிறது. ஊற்றுகிற ஆளுக்கு விடை தெரியும். அவர் முகத்தை யார் பையில் போடுவது? நல்ல சரக்கை ஊற்றும்போது கொஞ்சம் மெதுவாக ஊற்றுவார், "இதைக் கவனிங்க" என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். தானும் சுவைத்து மார்க் போட ஆசைப்பட்டால் அந்த மார்க் செல்லாது.

இரண்டு பேர் இருந்தால் தீர்ந்தது. முதல் ஆள் தனி அறையில் எல்லாவற்றையும் திறந்து, ஒரே மாதிரியான ஆறு காலிக் கண்ணாடி பாட்டில்களில் புனல் வைத்து மாற்றுவார். ஒவ்வொன்றின் அடியிலும் அ முதல் ஊ வரை ஒரு எழுத்தை ஒட்டுவார். எந்த எழுத்து எந்த ஒயின் என்று தாளில் எழுதி மடித்து உறையில் போட்டுவிட்டு வெளியே வருவார். இரண்டாம் ஆள் உள்ளே போய், பாட்டில்களை இடம் மாற்றி, பக்கவாட்டில் மூன்று இலக்க எண் ஒட்டி, எழுத்துக்கு நேரே எண்ணை எழுதி இன்னொரு உறையில் வைப்பார். அடியில் உள்ள எழுத்தின் மேல் ஒரு வெற்று ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் முதல் ஆள் தூக்கிப் பார்த்தாலும் பயனில்லை. இரண்டு உறையும் சேர்ந்தால்தான் விடை. இருவருமே மேஜையில் உட்காரலாம்.

மூன்று இலக்க எண் ஏன் என்றால், 1 என்று ஒட்டினாலே அது முதல் ரேங்க் மாதிரி தெரியும். 417, 283, 659 என்று கண்டபடி போடுங்கள். 100, 777 போன்ற கவர்ச்சியான எண் வேண்டாம்.

பாட்டில் மாற்றும்போது ஒயின் காற்றோடு கலக்கும். ஆறையும் அரை மணி நேரத்துக்குள் ஒரே மாதிரி மாற்றினால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு காற்று, நியாயமாகப் போகும். ஒன்றை மட்டும் மாற்றாமல் விடுவதுதான் தவறு. மிகப் பழைய ஒயினையும் நுரைக்கும் ஒயினையும் இந்த வேலைக்கு இழுக்காதீர்கள். பழையது காற்று பட்டுச் சீக்கிரம் சோர்ந்துவிடும், நுரை புனலிலேயே செத்துவிடும்.

ஜூன் 3, மதியம்

"காலி பாட்டில் ஆறு எங்கே போவது, பையிலேயே முடிக்க வழி இல்லையா?" என்று ஒருவர் கேட்கிறார். உண்டு. ஆனால் குளிர்ந்த ஒயிட் ஒயின் பாட்டில் வியர்க்கும், காகிதப் பை நனைந்து பத்தாவது நிமிடம் அடி கிழியும். அதற்குத் துணிப் பை நல்லது. அலுமினியத் தாள் சுற்றினால் வடிவம் அப்படியே தெரியும், அழுத்திச் சுற்றினால் கண்ணாடியில் புடைத்திருக்கும் முத்திரைகூடத் தாளில் எழும்பி வரும். ஷாத்தோநெஃப் து பாப் என்ற பிரெஞ்சு ஒயினின் பாட்டில்களில் அப்படிப்பட்ட முத்திரை இருக்கும். இரண்டு சுற்றுச் செய்தித்தாளை உள்ளே வைத்து மேலே தாள் சுற்றுங்கள்.

முழங்கால் வரை வரும் சாக்ஸும் நன்றாக வேலை செய்யும். துவைத்ததாக இருக்கட்டும், இல்லையென்றால் எல்லா ஒயினிலும் ஒரே "மண் வாசனை" வரும்.

ஜூன் 4

ஏற்பாடுகளிலேயே முக்கியமானதை இவ்வளவு தள்ளி எழுதுகிறேன். ஆறு எண் இருக்கட்டும், ஒயின் ஐந்துதான் இருக்க வேண்டும். ஏதாவது ஒரு ஒயின் இரண்டு எண்களில் வர வேண்டும். யாருக்கும் சொல்லக் கூடாது என்பதல்ல. "ஒன்று இரண்டு தடவை வரும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். சொன்னாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இது எதற்கு? அன்றைக்கு மேஜையில் விழுந்த மார்க்கெல்லாம் எவ்வளவு நம்பலாம் என்று அளக்க வேறு அளவுகோல் கிடையாது. ஒரே ஒயினுக்கு ஒருவர் ஓர் எண்ணில் 20-க்கு 17-ம் இன்னோர் எண்ணில் 12-ம் போட்டிருந்தால், மற்ற நான்கு ஒயினுக்கு அவர் போட்ட 14-க்கும் 16-க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பற்றி விவாதிக்க என்ன இருக்கிறது? ஒரே பொருளில் ஐந்து மார்க் ஆடுகிற தராசு அது.

தொழில்முறை நடுவர்களுக்கும் இதே கதிதான். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியில் ஒயின் நடுவர்களுக்கு ஒரே பாட்டிலிலிருந்து மூன்று கிளாஸ், மற்றவற்றோடு கலந்து, தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள். ஒயின் தயாரிப்பாளர் ராபர்ட் ஹாட்ஜ்சன் 2008-ல் அதன் முடிவை வெளியிட்டார். மூன்றுக்கும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மார்க் போட்டவர்கள் பத்தில் ஒரு பங்குதான். அதனால் உங்கள் நண்பர் தடுமாறினால் கேலி செய்வதை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஒயினை இரட்டிப்பது? உச்சத்திலும் அடியிலும் இல்லாத நடுத்தரமான ஒன்றை. தூக்கலான குணம் உள்ள ஒயினை இரட்டித்தால் வாசனையிலேயே மாட்டிக்கொள்ளும்.

ஜூன் 4, இரவு

பிடித்துவிட்டார்கள். ஆளுக்கு 50 மி.லி., எட்டுப் பேர், இரண்டு கிளாஸ் என்றால் 800 மி.லி. பாட்டிலில் இருப்பது 750. இந்தக் கணக்கை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தது தப்புதான்.

அளவை 40 மி.லி. ஆக்குங்கள். 640 போதும், வண்டலுக்கும் சிந்தலுக்கும் 110 மிஞ்சும். அதே ஒயினில் இரண்டு பாட்டில் வாங்கி பாட்டிலுக்கு ஒன்றாக இரண்டு எண் கொடுப்பது சரியில்லை. ஒரே பெட்டியில் வந்த இரண்டு பாட்டில்களே வேறுபடலாம், ஒன்றின் கார்க் கெட்டிருக்கலாம். இரண்டு பாட்டில் இருந்தால் ஒரு பெரிய குடுவையில் கலந்து, பிறகு இரண்டாகப் பிரியுங்கள்.

40 மி.லி. கையளவில் வராது. மருந்து மூடியோ சமையலறை அளவுக் கோப்பையோ எடுத்து ஒரு கிளாஸில் 40 ஊற்றி, வெளியே எந்த உயரம் வருகிறது என்று ரப்பர் பேண்டு போட்டுப் பாருங்கள். அதே மாதிரி கிளாஸ் எல்லாவற்றுக்கும் அந்த உயரம்.

ஜூன் 5

கிளாஸ் கணக்கு: எட்டு ஆள், ஆறு எண், 48 கிளாஸ். இவ்வளவு யாரிடமும் இராது. இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, மூன்று மூன்றாக இரண்டு சுற்று, 24 கிளாஸ். இந்த முறையில் இரட்டை ஒயினை ஒரு சுற்றுக்கு ஒன்றாகப் பிரித்து வையுங்கள். முதல் சுற்று மார்க்கையும் இரண்டாம் சுற்று மார்க்கையும் ஒப்பிடலாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். முதல் சுற்றில் கூச்சப்பட்டு 12, 13 போட்டவர்கள் இரண்டாம் சுற்றில் தாராளமாகிவிடுவார்கள்.

இரண்டாவது வழி, ஆளுக்கு ஒரே கிளாஸ், ஒவ்வொன்றாக. இது சுவையை ஒப்பிடுவதாக இருக்காது, ஞாபகத்தை ஒப்பிடுவதாக ஆகிவிடும். வேறு வழியே இல்லையென்றால் மட்டும்.

கிளாஸின் அழகு முக்கியமில்லை, எல்லாம் ஒரே வடிவமாக இருப்பதுதான் முக்கியம். ஐஎஸ்ஓ 3591 என்று 1977-ல் வந்த சுவைப்புக் கிளாஸ் தரம் ஒன்று உண்டு. அடி அகன்று வாய் குறுகிய சின்ன முட்டை வடிவம், விளிம்பு வரை 215 மி.லி. பிடிக்கும், ஊற்றுவது 50. அந்த வடிவத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கிற எதுவும் சரி. வாய் விரிந்த டம்ளர் வேண்டாம், வாசனை நிற்காது.

அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸில் மரப்பலகை வாசனையும் அட்டைப்பெட்டி வாசனையும் தேங்கியிருக்கும். சோப்பு மிச்சமும் கெடுக்கும். அன்று காலையே வெந்நீரில் மட்டும் இரண்டு முறை அலசி, நிமிர்த்தி வைத்து ஆற விடுங்கள். துடைக்கிற துணியை முதலில் முகர்ந்து பாருங்கள். சந்தேகமான கிளாஸில் ஒரு வாய் வெந்நீர் ஊற்றி ஆட்டி முகர்ந்தால் குட்டு வெளிப்படும்.

செண்ட், வாசனை மெழுகுவத்தி, கையில் தடவுகிற கிருமிநாசினி எதுவும் அறைக்குள் வரக் கூடாது. அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள், வந்த பிறகு சொன்னால் சங்கடம்.

ஜூன் 6

சூடு, குளிர். சுருக்கமாக: நுரைக்கும் ஒயின் 6 முதல் 8 டிகிரி, லேசான ஒயிட் 8 முதல் 10, கனமான ஒயிட் 10 முதல் 13, லேசான ரெட் 13 முதல் 15, கனமான ரெட் 16 முதல் 18. "ரெட் ஒயின் அறை வெப்பத்தில்" என்பதில் உள்ள அறை 25 டிகிரி அறை அல்ல. 25-ல் இருக்கும் ரெட்டை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். ஒயிட்டை மாறாக ஊற்றுவதற்குக் கால் மணி முன்பே வெளியே எடுங்கள். ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் வாசனை எழும்பாது, மலிவும் உசத்தியும் ஒன்றாகத் தெரியும். அவசரமென்றால் ஐஸ் மட்டும் போதாது, ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதி. கண்ணாடியைத் தண்ணீர் முழுக்கத் தழுவுவதால் சீக்கிரம் குளிரும்.

சரியான டிகிரியை விட, ஆறும் ஒரே டிகிரியில் இருப்பது மேல். இரண்டு டிகிரி சூடான கிளாஸில் ஆல்கஹால் நெடி தூக்கும், இரண்டு டிகிரி குளிர்ந்ததில் துவர்ப்பு தூக்கும். ஒயினைத் திட்டுவோம், குற்றம் ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் இருக்கும்.

ஜூன் 7

வரிசை. முதலில் வருகிற கிளாஸுக்குச் சாதகம் உண்டு, வாய் சுத்தமாக இருக்கும்போது வருவதால். துவர்ப்பான ரெட்டுக்கு அடுத்து வருவது எதுவானாலும் பாவம். துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் எச்சில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வழவழப்பை எடுத்துவிடும், ஒவ்வொரு வாய்க்கும் அது கூடிக்கொண்டே போகும். எல்லாரும் ஒரே வரிசையில் சுவைத்தால் அந்த அநியாயம் எட்டு மடங்காகி முடிவாகிவிடும்.

ஆளுக்கொரு வரிசை கொடுங்கள். ஆறு கிளாஸுக்கு இந்தக் கட்டம் போதும்:

1 2 6 3 5 4
2 3 1 4 6 5
3 4 2 5 1 6
4 5 3 6 2 1
5 6 4 1 3 2
6 1 5 2 4 3

ஒவ்வொரு வரிசையும் ஒரு ஆளுக்கு. எந்த ஒயினும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு தடவை வரும். எந்த ஒயினுக்குப் பின்னாலும் மற்ற ஐந்தும் ஒவ்வொரு தடவை வரும். சரிபார்க்க விரும்புகிறவர்கள் பேனா எடுத்து எண்ணிப் பாருங்கள். ஏழாவது, எட்டாவது ஆளுக்கு முதல் வரிசையையும் நாலாவதையும் திரும்பக் கொடுங்கள், கொஞ்சம் கோணல் வரும், பரவாயில்லை. கட்டத்தில் உள்ள 1, 2 எல்லாம் உங்கள் மூன்று இலக்க எண்களுக்குப் பதிலாக நிற்பவை.

நடுவே வாய்க்கு வெற்றுத் தண்ணீரும், உப்பு வெண்ணெய் இல்லாத பிரெட் துண்டும் போதும். சீஸ் வேண்டாம். அதன் கொழுப்பு துவர்ப்பை மூடி, முரட்டு ஒயினையும் நல்ல பிள்ளையாக்கிவிடும். சுவைப்பு முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள்.

ஆறும் ஒரே ஜாதியாக இருந்தால்தான் இந்தக் கட்டம். ஒயிட்டும் ரெட்டும் கலந்திருந்தால் ஒயிட் தனிச் சுற்று, அப்புறம் ரெட். இனிப்பு ஒயின் கடைசியில், போட்டிக்கு வெளியே.

ஜூன் 8

"இது பார்ட்டியா, பொதுத்தேர்வா?" என்று கேட்டவருக்கு: முதல் பன்னிரண்டு நிமிடம் தேர்வு, மீதி ராத்திரி பார்ட்டி. அந்தப் பன்னிரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, "ம்ம்ம்" என்று ராகம் இழுக்கக் கூடாது. ஒருவர் "செர்ரி" என்று சொன்னால் போதும், அடுத்த நொடி எட்டு மூக்கிலும் செர்ரி காய்க்கும். தாளில் எழுதி, மடித்து, கொடுத்த பிறகு வாயைத் திறக்கலாம்.

தாளில் ஐந்தே கட்டம் போதும்: புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, கனம், பிடித்த வரிசை. பழ வாசனையை இனிப்பென்று குழப்புபவர்கள் நிறைய. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் சுவைத்தால் நாக்கில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று தெளிந்துவிடும். புளிப்பை அளக்க, விழுங்கியதும் வாயை லேசாகத் திறந்து தலையைக் குனியுங்கள். எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு.

ஜூன் 9

மார்க்கா, ரேங்க்கா? ரேங்க். 20-க்கு மார்க் போடச் சொன்னால் ஒருவர் 8-லிருந்து 19 வரை பரத்துவார், இன்னொருவர் 14, 15, 14 என்று அளந்து போடுவார். கூட்டிச் சராசரி எடுத்தால் பரத்துகிறவர் சொன்னதுதான் சட்டம்.

1976 மே 24 அன்று பாரிசில் ஆங்கிலேய ஒயின் வியாபாரி ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய புகழ்பெற்ற சுவைப்பிலும் இதுதான் நடந்தது. ஷார்டனே திராட்சையில் செய்த கலிபோர்னியா ஒயிட் ஆறு, பர்கண்டி ஒயிட் நான்கு. பிறகு காபர்னே திராட்சையில் செய்த கலிபோர்னியா ரெட் ஆறு, போர்தோ ரெட் நான்கு. ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் 20-க்குப் போட்ட மார்க்கைச் சராசரி எடுத்தார்கள். ஒயிட்டில் ஷாத்தோ மாண்டெலீனா 1973, ரெட்டில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லார்ஸ் 1973 முதலிடம். பிரான்சுக்கு அதிர்ச்சி. ஒயிட் முடிவை ரெட் சுற்றுக்கு முன்பே அறிவித்தது இன்னொரு கோளாறு. தோற்றுப்போன நடுவர்கள் அடுத்த சுற்றில் எச்சரிக்கையாகிவிட மாட்டார்களா? நீங்கள் இரண்டு சுற்று நடத்தினால் முதல் உறையை இரண்டாவது முடியும்வரை தொடாதீர்கள்.

ரேங்க் கூட்டல் எளிது. எட்டுப் பேர், ஆறு கிளாஸ் என்றால் ஒவ்வொருவர் தாளிலும் 1 முதல் 6 வரை, கூட்டினால் 21. மொத்தம் 168 வர வேண்டும், வராவிட்டால் யாரோ இரண்டு கிளாஸுக்கு ஒரே ரேங்க் போட்டிருக்கிறார். ஒரு கிளாஸின் கூட்டுத்தொகை 8-லிருந்து 48 வரை போகலாம், சும்மா கண்ணை மூடிக்கொண்டு போட்டால் 28-ஐச் சுற்றி நிற்கும். இரண்டு கிளாஸுக்கு நடுவே 15-க்குக் குறைவான வித்தியாசம் இருந்தால் அது அதிர்ஷ்டத்தின் வேலையாகவே இருக்கலாம். 26 எடுத்ததும் 31 எடுத்ததும் சண்டை போட வேண்டியதில்லை.

ஜூன் 10

நேற்றைய 15-ஐத் திருத்துகிறேன். இன்ன இரண்டு ஒயினை ஒப்பிடப் போகிறோம் என்று திறப்பதற்கு முன்பே முடிவு செய்திருந்தால்தான் 15. முடிவைப் பார்த்துவிட்டு "முதலில் வந்ததுக்கும் கடைசிக்கும்" என்று பொறுக்கி எடுத்தால் ஏறக்குறைய 21 தேவை, ஏனென்றால் ஆறில் பொறுக்கினால் எப்போதுமே ஒரு பெரிய இடைவெளி கிடைக்கும்.

இரட்டை கிளாஸ் பற்றியும் ஒரு மறுயோசனை. ஒருவர் இரண்டையும் அடுத்தடுத்த ரேங்க்கில் போட்டுவிட்டார் என்று உடனே மாலை போட வேண்டாம். ஆறு இடத்தில் இரண்டை எடுக்க 15 வழி, அதில் ஐந்து அடுத்தடுத்து வருபவை. கண்ணை மூடிப் போட்டாலும் மூன்றில் ஒரு தடவை அமையும். எட்டுப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு அமைவது சாதாரணம். ஆறேழு பேருக்கு அமைந்தால் அந்த மேஜையில் நல்ல நாக்குகள் இருக்கின்றன.

வித்தியாசம் தெரிகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்க வேண்டுமென்றால் முக்கோணச் சோதனையே நேர்வழி. மூன்று கிளாஸ், இரண்டு ஒன்று, ஒன்று வேறு. வேறு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எட்டுப் பேரில் ஆறு பேர் சரியாகச் சொன்னால் நம்பலாம், ஐந்து போதாது. பன்னிரண்டு பேரில் எட்டு. மூன்று கிளாஸை வைக்க ஆறு விதம் உண்டு (ககங, கஙக, ஙகக, ஙஙக, ஙகங, கஙங), ஆறையும் சமமாகப் பங்கிடுங்கள். எல்லாருக்கும் நடுவில் உள்ளதே வேறு என்று வைத்தால் இரண்டாம் ஆள் பக்கத்து முகத்தைப் படித்துவிடுவார்.

ஜூன் 12

கெட்ட பாட்டில். ஈர அட்டை, பூஞ்சை பிடித்த துணி மாதிரி அடித்தால் கார்க் வழியாக வந்த டிசிஏ என்ற வேதிப்பொருள். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கில் தெரியும். இன்னும் குறைவாக இருந்தால் அட்டை வாசனை தெரியாமல் பழ வாசனை மட்டும் காணாமல் போகும், அந்த ஒயின் சோம்பலாகத் தெரியும், கடைசி ரேங்க் வாங்கும். மூக்கு சீக்கிரம் பழகிவிடுவதால் முதல் முகர்தலில் வந்த சந்தேகத்தை நம்புங்கள். காற்றில் ஆட்டினால் இது போகாது. அழுகிய முட்டை, தீக்குச்சி வாசனை வேறு விஷயம். அது காற்றில்லாத அடைப்பால் வந்த கந்தகம், நன்றாகச் சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும். நகப்பூச்சு நீக்கி நெடி வந்தால் எத்தில் அசிடேட், காடி வந்தால் அசிட்டிக் அமிலம். இரண்டுமே போகாது.

அதனால் பாட்டில் மாற்றும்போதே முதல் ஆள் ஒவ்வொன்றையும் முகர்ந்து, கெட்டதைத் தூக்கிவிட வேண்டும். உபரியாக ஒரு பாட்டில் இருக்கட்டும்.

இங்கேதான் ஜூன் 3 ஏற்பாட்டில் இடிக்கிறது. பெயர் தெரிந்தே ஆறையும் முகர்ந்தவர் அந்த வாசனைகளை ஞாபகம் வைத்திருப்பாரே? வைத்திருப்பார். எண் மாறினாலும் மூக்கு அடையாளம் காணும். ஆகவே அவர் சுவைக்கலாம், தாளும் எழுதலாம், கூட்டலில் சேர்க்கக் கூடாது. அப்போது ஏழு பேர், மொத்தம் 147. "இருவருமே மேஜையில் உட்காரலாம்" என்றதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

ஜூன் 13

திராட்சை வகையைச் சொல்லும் விளையாட்டு பற்றிக் கேட்டிருந்தார்கள். பட்டியலே இல்லாமல் "இது என்ன?" என்றால் புதியவர்கள் விழிப்பார்கள். ஆறு பெயரைத் தாளில் கொடுத்து ஆறு எண்ணோடு பொருத்தச் சொல்லுங்கள். இந்த விளையாட்டுக்கு இரட்டை வேண்டாம், ஆறும் வேறு வேறாக இருக்கட்டும். குருட்டாம்போக்கில் பொருத்தினாலும் சராசரியாக ஒன்று சரியாக வரும். ஒன்றுகூட வராமல் போக வாய்ப்பு ஏறக்குறைய 37 சதவீதம், மூன்று அல்லது அதற்கு மேல் வர 8 சதவீதம்தான். ஆகவே மூன்று வந்தால் பாராட்டலாம். "அஞ்சு கரெக்ட்" என்று யாராவது சொன்னால் பொய். ஐந்து சரியென்றால் ஆறாவதும் தானாகச் சரியாகிவிடும்.

பிடி கொடுக்கிற வகைகளாக வையுங்கள். சோவின்யோன் பிளாங்கில் பச்சைப் புல், குடைமிளகாய். கெவுர்ட்ஸ்ட்ராமினரில் லிச்சி, ரோஜா. வயசான ரீஸ்லிங்கில் பெட்ரோல். ஓக் மரப் பீப்பாயில் இருந்த ஷார்டனேயில் வெண்ணெய், வனிலா. நெபியோலோ நிறத்தில் வெளிறி, வாயில் முரடு. சிராவில் கருமிளகு.

சிரா பற்றி ஓர் எச்சரிக்கை. மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள், 2008-ல்தான் ஒயினில் அடையாளம் கண்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அதிக அளவில் கொடுத்தாலும் அந்த வாசனை எட்டவே எட்டாது. எட்டுப் பேரில் ஒருவரோ இருவரோ "மிளகா? எங்கே?" என்பார்கள். மூக்கு மந்தம் என்று அவர்களை ஓட்டாதீர்கள், பூட்டுக்கு அந்தச் சாவியே இல்லை.

ஜூன் 14

"நிபுணர்களுக்கே ரெட் எது ஒயிட் எது என்று தெரியாதாமே" என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கதை ஊதிப் பெருத்தது. 2001-ல் வந்த மோரோ, புரோஷே, துபுர்தியூ ஆய்வில் இருந்தவர்கள் போர்தோவில் ஒயின் இயல் படித்த 54 மாணவர்கள். வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்த ஒயிட்டை அவர்கள் முகர்ந்து மட்டும் பார்த்து, ரெட்டுக்குரிய வாசனைச் சொற்களால் வர்ணித்தார்கள். வாயில் வைக்கவில்லை. வைத்திருந்தால் துவர்ப்பு இல்லாதது உதைத்திருக்கலாம். ஆய்வு காட்டுவது, கண் பார்த்த நிறத்துக்கேற்ற சொல்லை மூக்கு எடுத்துக்கொடுக்கிறது என்பதை. அதுவே போதுமான செய்தி.

வீட்டில் பார்க்க கறுப்புக் கிளாஸ் தேவையில்லை, உள்ளே தெரியாத காப்பி மக் போதும். ஒயிட்டும் ரெட்டும் ஒரே 14 டிகிரியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ச்சியே விடை. கனமான ஓக் ஷார்டனேயும் துவர்ப்புக் குறைந்த லேசான ரெட்டும் வைத்தால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும். ஆளுக்கு ஐந்து தடவை. ஐந்தும் சரியாக வர குருட்டு அதிர்ஷ்டத்துக்கு 32-ல் ஒரு வாய்ப்புதான். கண்ணைக் கட்டும் யோசனையை விடுங்கள், சட்டைதான் ரெட்டாகும்.

ஜூன் 15

துப்புவது பற்றி யாரும் கேட்கவில்லை, அதுவே கவலை. ஆறு கிளாஸ், 40 மி.லி. வீதம் 240 மி.லி. 13.5 சதவீதமென்றால் சுத்த ஆல்கஹால் 32 மி.லி., எடையில் 25 கிராம் சொச்சம். நாலாவது கிளாஸிலேயே தீர்ப்பு தளர்ந்துவிடும். ஆளுக்கொரு ஒளிபுகாக் காகிதக் கப், அடியில் கசக்கிய டிஷ்யூ, தெறிக்காது. பொதுவாக ஒரு வாளி வைத்தால் யாரும் துப்ப மாட்டார்கள், வெட்கம். வாயிலும் கொஞ்சம் உறிஞ்சப்படும் என்பதால் துப்பினாலும் வண்டி ஓட்டக் கூடாது.

ஜூன் 18

கேள்வி கேட்டவர் மீண்டும்: "எல்லாம் சரி, உறையை எந்த வரிசையில் திறப்பது? மிச்ச ஒயினை என்ன செய்வது?"

முதலில் இரட்டையைச் சொல்லுங்கள். "417-ம் 659-ம் ஒன்றே" என்று கேட்டதும் மேஜை அடங்கிவிடும், அதற்கப்புறம் வரும் ரேங்க்கை எல்லாரும் பக்குவமாகக் கேட்பார்கள். பிறகு கடைசி இடத்திலிருந்து மேலே. விலையை எல்லாப் பெயரும் சொல்லி முடித்த பின்தான் சொல்ல வேண்டும். ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்தபோது கூடின விலைக்கே கூடுதல் இன்பம் மூளையில் பதிவானதை 2008-ல் ஸ்கேன் வைத்துக் காட்டினார்கள். விலை காதில் விழுந்த பிறகு யாரும் தன் தாளை நேர்மையாகப் படிக்க மாட்டார்கள்.

மிச்சம்: இரட்டிக்காத ஒவ்வொரு ஒயினிலும் 750-ல் 320 போனால் 430 மி.லி. இருக்கும். 375 மி.லி. அரை பாட்டிலைக் கழுவி, விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே காற்றே இராது, மூன்று நான்கு நாள் தாங்கும். பாதி காலியான பெரிய பாட்டிலில் விட்டால் மறுநாளே மங்கும். அரை பாட்டிலுக்குப் போக 55 மி.லி. மிஞ்சுகிறதே என்றால், 24 கிளாஸை யாராவது கழுவ வேண்டும். அவருக்கு.